கேமராவுக்குப் பக்கத்தில் என்ன வைப்பது? படம் எடுக்கப் போகும் நாளின் பை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி வேடந்தாங்கலுக்கோ பழவேற்காட்டுக்கோ மரக்காணம் உப்பளத்துக்கோ போய்ப் படம் எடுத்துவிட்டு இருட்டியபின் திரும்பும் சிறு குழு எங்களுடையது. பன்னிரண்டு வருடமாக மாதம் ஒரு ஞாயிறாவது போய்விடுகிறோம். புதிதாகச் சேர்பவர்கள் லென்ஸ் பற்றியெல்லாம் முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். மற்ற சாமான்களைப் பற்றி மட்டும் முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. கேமரா, லென்ஸ், முக்காலி, பேட்டரி பற்றி இங்கே பேசப் போவதில்லை.

கேமரா பையே தோளை இழுக்கிறது. இதற்குமேல் வேறு சாமான் அவசியமா?

அவசியம். வேடந்தாங்கலில் காலை 6 மணிக்கு உள்ளே விடுவார்கள். இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதோ மாலை 4 மணிக்குமேல். அந்தப் பத்து மணி நேரத்தில் நீங்கள் பொத்தானை அழுத்தும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பத்து நிமிடம்கூட வராது. மிச்ச நேரம் முழுக்க ஏரிக்கரையில் நிற்பீர்கள், நடப்பீர்கள், உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நேரத்துக்கு உடம்பு ஒத்துழைத்தால்தான் ஐந்து மணி வெளிச்சம் உங்களுக்குக் கிடைக்கும்.

எங்களோடு வந்த ஒரு நண்பர் நல்ல படக்காரர். விலை உயர்ந்த லென்ஸ் வைத்திருந்தார். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தவிர வேறு எதுவும் கொண்டுவரவில்லை. மதியம் ஒரு மணிக்குத் தலைவலி பிடித்து, காரில் போய்ப் படுத்துவிட்டார். அன்று மாலைதான் கரண்டிவாயன் பறவைகள் வரிசையாக, தாழ்வாக, சூரியனுக்கு நேர் எதிரே வந்து இறங்கின. அவருக்கு ஏற்பட்ட வருத்தத்தைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் புதியவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கனத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவும் சேர்த்து உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் முதுகில் ஏற்றாதீர்கள். 60 கிலோ இருப்பவருக்கு 6 கிலோ. அதைத் தாண்டினால் ஒரு லென்ஸை வீட்டில் வையுங்கள், தண்ணீரை அல்ல.

ஒரே ஒரு பொருள்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் எது?

துண்டு. நம் ஊர்க் காடாத் துண்டு, அல்லது ஈரோட்டுப் பருத்தித் துண்டு. தடிமனான டவல் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு காயவே காயாது.

அது என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். வெயிலில் தலைக்கு முண்டாசு. தண்ணீரில் நனைத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டால் அரை மணி நேரத்துக்குக் குளிர்ச்சி. கைப்பிடிச் சுவர்மேல் கேமராவை வைக்கும்போது மடித்துப் போட்டால் மெத்தை. திடீர்த் தூறலில் கேமராமேல் போர்த்திக்கொண்டு ஓடலாம். வியர்த்த கையைத் துடைக்காமல் கேமராவைத் தொடக் கூடாது, அதற்கும் அதுதான். நட்ட நடு வெயிலில் பின்திரையில் படம் தெரியாதபோது தலையையும் கேமராவையும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளே பார்க்கலாம். பழைய காலத்து ஸ்டுடியோக்காரர்கள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டது போலத்தான். ஒருமுறை கோடியக்கரையில் கணுக்கால் பிசகிய ஒருவருக்கு இரண்டு துண்டுகளைச் சுற்றிக் கட்டித்தான் வண்டிவரைக்கும் கூட்டிவந்தோம்.

மங்கிய பச்சை, காவி, சாம்பல் நிறத் துண்டாக இருந்தால் பறவைகளுக்கும் கண்ணை உறுத்தாது. வெள்ளைத் துண்டைக் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

கோடையில் வெளியே நடமாடினால் மணிக்கு அரை லிட்டர் என்று வையுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர். எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பையில், மிச்சம் வண்டியில். தாகம் எடுத்த பிறகு மொத்தமாகக் குடிக்காமல், அவ்வப்போது நாலு வாய் குடித்துக்கொண்டே இருங்கள்.

நிறைய வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு எப்போதும் பையில் கிடக்கட்டும். ஒரு பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சுவை தூக்கலாக இருக்கட்டும் என்று அரை லிட்டரில் கரைப்பது தவறு. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டால் போதும். எங்கள் வீட்டில் நீர்மோர் கரைத்துத் தருவார்கள். உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை போட்ட அந்த மோருக்கு ஈடு இல்லை. ஆனால் காலை பத்து மணிக்குள் குடித்துவிட வேண்டும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா, வழியில் பார்த்துக்கொள்வதா?

கட்டிக்கொண்டு போங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரமும் ஓட்டலில் இட்லி கிடைக்கும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. காலை ஏழரை மணிக்குப் பசிக்கிறது என்று கிளம்பினால் அன்றைய நல்ல படத்தை விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

நாங்கள் எடுத்துப்போவது பெரும்பாலும் புளியோதரை. புளியும் நல்லெண்ணெயும் சேர்வதால் சாயங்காலம்வரை கெடாது. எலுமிச்சைச் சாதமும் பரவாயில்லை. தயிர்சாதம் வேண்டும் என்றால் சோற்றில் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசையுங்கள். மதியம் திறக்கும்போது சரியான பதத்தில் இருக்கும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும். வாழையிலையில் கட்டினால் சாப்பிட்ட பிறகு பாத்திரம் சுமக்க வேண்டியதில்லை.

இடையில் கொறிக்கக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வறுகடலை. இதில் ஒரு விஷயம் உண்டு. பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பிரிக்கும் சத்தம் காலை அமைதியில் ரொம்ப தூரம் கேட்கும். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தக் கரையில் நின்றுகொண்டு சரசரவென்று பாக்கெட்டைக் கிழிக்க எனக்கு மனம் வராது. தின்பண்டங்களை முதல் நாளே ஒரு துணிப்பையிலோ சிறு டப்பாவிலோ மாற்றிவிடுங்கள்.

குரங்கு உள்ள இடத்துக்கு வாழைப்பழம் எடுத்துப்போகாதீர்கள். பைக்குள் இருந்தாலும் வாசனை பிடித்துவிடும். பையைப் பிடுங்கினால் பழத்தோடு லென்ஸும் சேர்ந்து மரத்தில் ஏறிவிடும்.

என்ன உடை போடுவது?

பருத்தி, முழுக்கை, மங்கிய நிறம். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், காயவும் நேரமாகும். தொப்பி வாங்கும்போது கேமராவைக் கண்ணில் வைத்துப் பாருங்கள். முன்விளிம்பு விறைப்பாக இருந்தால் இடிக்கும். நீங்கள் தொப்பியைத் திருப்புவதற்குள் பறவை போய்விடும். விளிம்பு மடங்கும் துணித்தொப்பி நல்லது.

டிசம்பர், ஜனவரி விடியலில் ஏரிக்கரையில் நன்றாகவே குளிரும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

ஷூவா, செருப்பா?

போகும் இடம்தான் தீர்மானிக்க வேண்டும். ஏரிக்கரை, வயல் வரப்பு, புதர்க்காடு என்றால் கணுக்காலை மூடும் ஷூவும் ஒரு மாற்றுக் காலுறையும். காலுறை ஈரமானதும் மாற்றிக்கொண்டால் மீதி நாள் நிம்மதியாகப் போகும்.

உப்பளம் என்றால் ரப்பர் செருப்பு. உப்பு நீர் தோலில் ஊறினால் கால் வெடிக்கும், தோல் ஷூ பாழாகிவிடும். மரக்காணத்தில் பாத்திகளுக்கு நடுவே உள்ள வரப்பில் நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள். பாத்தி வரப்பைச் சிதைத்தால் அது அங்கே வேலை செய்பவரின் பல நாள் உழைப்பு. இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரைத் தனியாகக் கொண்டுபோய், திரும்பும்போது காலையும் கையையும் அதில் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள். உப்புக் கையோடு தொட்ட கேமராவின் திருகுகள் இரண்டு வாரத்தில் துருப்பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் கறுப்புக் கண்ணாடி. உப்பின் வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். அந்த வெளிச்சத்தில் கண்ணாடியே இல்லாமல் மாதக்கணக்கில் வேலை செய்பவர்களின் கண்ணை நினைத்தால் மனசு கனக்கிறது.

கோயில் என்றால் சட்டென்று கழற்றும் செருப்பு. ஆனால் பையில் பழைய காலுறை ஒரு ஜோடி வையுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் வெளிப்பிரகாரத்தில் மதியம் 12 மணிக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் தனியாக யோசிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வியைக் குழுவில் எல்லார் முன்னாலும் யாரும் கேட்பதில்லை, தனியாக அழைத்துக் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கவலை கழிப்பிடம். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் எத்தனையோ பேர். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். கோடையில் அப்படி இருந்தால் சிறுநீர்க் கடுப்பும் தொற்றும் வரும். எனக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் செய்வது இது: போகும் வழியில் சுத்தமான கழிப்பிடம் உள்ள பெட்ரோல் பங்க் எது, அங்கிருந்து நாம் போகும் இடம் எவ்வளவு தூரம் என்று முன்பே பார்த்துவைக்கிறேன். போகும்போதும் வரும்போதும் அங்கே வண்டியை நிறுத்துவதைப் பயணத் திட்டத்திலேயே சேர்த்துவிடுகிறேன். குழுவை நடத்துபவர் ஆணாக இருந்தாலும் இதை அவரே முன்வந்து அறிவிக்க வேண்டும், யாரும் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

பையில் ஒரு சிறு பவுச்: நாப்கின் இரண்டு, காகிதக் கைக்குட்டை, சோப்புத் தாள், பழைய செய்தித்தாள், வாய் இறுக்கிக் கட்டும் கவர் ஒன்று. உப்பளம் போல ஒரு மரம்கூட இல்லாத வெளியில் ஒரு பழைய புடவையும் இரண்டு தோழிகளும் இருந்தால் மறைவு தயார். பெரிய குடையும் உதவும்.

தனியாகப் போவதானால் இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்குப் போனில் பகிர்ந்துவிட்டுப் போங்கள். போன இடத்தில் டீக்கடை அக்காவிடமோ வாசலில் சீட்டுக் கொடுப்பவரிடமோ இரண்டு வார்த்தை பேசிவையுங்கள். உங்கள் முகம் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பது பெரிய பலம்.

மழைக்கு என்ன ஏற்பாடு?

ஐப்பசி, கார்த்திகையில் குடை இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆனால் குடை பிடித்துக்கொண்டு படம் எடுக்க மூன்று கை வேண்டும். அதனால் தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் மழைக்கோட்டு, பையோடு சேர்த்து மூடும் அளவில். விலை மலிவானதே போதும்.

சுத்தமான உரச் சாக்கு ஒன்றை ஒரு மூலையை உள்ளே மடித்துக் கூம்பு போலச் செய்து தலையில் மாட்டிக்கொண்டு நாற்று நடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொங்காணி என்பார்கள். கை இரண்டும் விடுபட்டிருக்கும், முதுகு நனையாது. மழைக்காலத்தில் எங்கள் வண்டியில் இரண்டு சாக்கு எப்போதும் கிடக்கும். மழை இல்லாத நேரத்தில் சேற்றில் விரித்து மேலே படுத்துக்கொண்டு உள்ளான் பறவைகளைத் தரைமட்டத்திலிருந்து படம் எடுக்கலாம்.

பெரிய ஜிப் கவர் மூன்று வையுங்கள். ஏசி வண்டியிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படர்வது நம் கடற்கரையில் தினசரி தொந்தரவு. இறங்குவதற்கு முன்பே கேமராவைக் கவருக்குள் போட்டு மூடி, வெளியே கொண்டுவந்து இருபது நிமிடம் விட்டுவிட்டுத் திறந்தால் ஈரம் கவரின்மேல் படியும், கண்ணாடியில் படியாது. இறங்கும் இடத்துக்கு அரை மணி முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டால் இன்னும் நல்லது.

கொசு மருந்து, சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளலாமா?

பூசலாம். ஆனால் கவனம். பல கொசு விரட்டிகளில் டீட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது சில வகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கக்கூடியது. கேமராவின் பிடி பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் புறங்கையில் எடுத்துப் பூசுங்கள், உள்ளங்கையில் படாமல். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள். வாங்கும்போதே டப்பாவின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது நல்லது. இரண்டையும் பூசுவதானால் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசு மருந்து.

வால்பாறையில் அட்டை கடிக்குமாமே?

மழைக்காலத்தில் கடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர்வரை சோலைமந்திக் குரங்கையோ இருவாச்சிப் பறவையையோ தேடிப் போகிறவர்கள் அட்டையோடு பழகித்தான் ஆக வேண்டும். நெருக்கமாக நெய்த, முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை வாங்கி, பேன்ட்டுக்குமேல் மாட்டிக்கொள்ளுங்கள். மூக்குப்பொடியை வேப்பெண்ணெயில் குழைத்து அதன்மேல் தடவும் பழக்கம் மலையில் உண்டு. நான் செய்து பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. மழையில் கரைந்துவிடும் என்பதால் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும்.

ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள். உப்பும் போடாதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிட்டு விழும். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, மெல்லிய வாய்ப் பக்கத்தில் தள்ளினால் பிடி விட்டுவிடும். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது என்பதால் கொஞ்ச நேரம் வழியும். கழுவி, பஞ்சு வைத்து அழுத்திப் பிடியுங்கள். பயப்பட வேண்டியதில்லை.

முதலுதவிப் பெட்டியில் என்ன வேண்டும்?

பெட்டி வேண்டாம், ஒரு பவுச் போதும். ஒட்டும் பிளாஸ்திரி, பஞ்சு, கிருமிநாசினி, சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ், பாராசிட்டமால், நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை ஒரு நாளுக்குக் கூடுதலாக. ஊக்கு நாலு.

பாம்பு பற்றி எல்லாரும் கேட்பார்கள். அதற்குப் பையில் வைக்க மருந்து எதுவும் இல்லை. கடித்தால் செய்ய வேண்டியதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு இருந்தால் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், அசையாமல் வைத்து 108க்கு அழையுங்கள். விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் முக்கியம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். எனவே பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். போகும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரி எது என்று கிளம்பும்போதே பார்த்துவைப்பது எங்கள் வழக்கம்.

போனில் டார்ச் இருக்கிறதே, தனி டார்ச் எதற்கு?

விடியலுக்கு முன் புல்லில் கால் வைக்குமுன் பார்க்க. போன் டார்ச் அதற்குப் போதாது. ஒரு கையும் போய்விடும். நெற்றியில் கட்டும் விளக்கு, அதில் சிவப்பு வெளிச்சமும் உள்ளதாக வாங்குங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு முறை பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்புக்கு அந்தத் தொல்லை குறைவு.

பணம், அடையாள அட்டை, அனுமதிச் சீட்டு?

பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாய்க்காவது வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் அனுப்ப முடியாது. டீ, பார்க்கிங், கேமராக் கட்டணம், படகு எல்லாவற்றுக்கும் சில்லறை வேண்டும்.

அனுமதிகளைத் தாளில் அச்சடித்து எடுத்துப்போங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை இருக்கிறது. கிளம்புமுன் நிலவரத்தைப் பாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு, எவர்சில்வர் பாட்டில்தான் சரி. காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி இல்லாமல் எவர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதனால் காட்டுப் பையில் தீப்பெட்டியும் லைட்டரும் இருக்கவே கூடாது.

இதோடு ஒரு மஞ்சப்பையும் சேர்த்துவிடுங்கள். நம் குப்பையை நாமே திரும்பக் கொண்டுவர.

படகில் போவதானால்?

உயிர்க்காப்பு உடை தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். தராவிட்டால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பூநாரையைப் பார்க்கும் ஆசையில் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் எந்தப் படகும் சாயும். கேமரா வாரைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் அது உங்களைக் கீழே இழுக்கும். பையின் இடுப்புக் கொக்கியையும் கழற்றிவிடுங்கள்.

தேர்த் திருவிழாவுக்கும் இதே பைதானா?

இல்லை. கூட்டத்துக்குள் முதுகுப் பையே வேண்டாம். இடுப்பில் கட்டும் சிறு பை, அதில் தண்ணீர், துண்டு, பணம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். அது திரும்பும்போது முட்டுக்கட்டை போடுபவர்களுக்குக் குறுக்கே தொங்கும் வாரோடும் பையோடும் போய் நிற்பது அவர்கள் உயிருக்கும் ஆபத்து. நழுவாத, வார் வைத்த செருப்பு போடுங்கள். தாகத்துக்கு நீர்மோர்ப் பந்தல் வழியெங்கும் இருக்கும்.

நோட்டுப் புத்தகம், பென்சில் என்று ஏன் சொல்கிறீர்கள்?

மழையில் பேனா மை கரையும், பென்சில் கரையாது. போன் சார்ஜ் தீர்ந்தாலும் நோட்டு இருக்கும். ஆனால் உண்மையான காரணம் வேறு. நீங்கள் யாரைப் படம் எடுக்கிறீர்களோ அவர் பெயரையும், எங்கே இருப்பார் என்பதையும் எழுதிக்கொள்வதற்காக.

பையில் வைக்கச் சொல்லி நான் மிகவும் வற்புறுத்துவது, போன முறை எடுத்த படங்களின் பிரதிகளைத்தான். சாதாரண அஞ்சல் அட்டை அளவுப் பிரதி. தெரு முனை ஸ்டுடியோவில் ஒரு டீ விலைக்குப் போட்டுத் தருவார்கள். மரக்காணம் உப்பளத்தில் ஒரு அம்மாவைப் பலகையால் உப்பு வாரும்போது எடுத்தேன். எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். “எடுத்துக்கோ, எத்தனையோ பேர் எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க, ஒண்ணும் திரும்பி வந்ததில்லை” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

மூன்று மாதம் கழித்துப் பிரதியோடு போனேன். ஈரக் கையைப் புடவையில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். வீட்டில் கல்யாணத்தன்று எடுத்த படத்துக்குப் பிறகு தன் படம் என்று ஒன்று இல்லை என்று சொன்னார். அன்று முழுக்க அவரே என்னைக் கூட்டிப்போய் எந்தப் பாத்தியில் எப்போது உப்பு பூக்கும், எந்த நேரத்தில் வெளிச்சம் தண்ணீரில் சிவப்பாக விழும் என்று காட்டினார்.

பிரதிகளை ஒரு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து ஜிப் கவரில் போடுங்கள். இரண்டிரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் தனக்கும் ஒன்று கேட்பார். அவர் ஊரை விட்டுப் போயிருந்தால் டீக்கடையில் கொடுத்துவையுங்கள். எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். படம் எடுப்பவர்களைப் பார்த்ததும் கை நீட்டும் பழக்கத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

உட்கார ஏதாவது கொண்டுபோகலாமா?

பழைய யோகா பாயில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டிக்கொள்ளுங்கள். கனமே இருக்காது. முட்டி போட, உட்கார, கல்லில் சாய எல்லாவற்றுக்கும் ஆகும். மடக்கு நாற்காலி தூக்கி வருபவர்கள் பாதி வழியில் அதை அடுத்தவர் தோளுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

எதை விட்டுவிட்டு வரலாம்?

சென்ட். புளூடூத் ஸ்பீக்கர். பறவைச் சத்தத்தைப் போட்டுக் காட்டி அவற்றைக் கூப்பிடும் செயலி. கூடு கட்டும் காலத்தில் அந்தச் சத்தத்தை நம்பி கூட்டை விட்டு வெளியே வரும் தாய்ப்பறவையின் முட்டையைக் காகம் தூக்கிப்போக ஒரு நிமிடம் போதும். அப்படிக் கிடைக்கும் படம் எங்களுக்கு வேண்டாம், அந்தச் செயலியைத் திறப்பவரை அடுத்த முறை நாங்கள் அழைப்பதும் இல்லை.

திரும்பி வந்ததும் பையை அப்படியே வைத்துவிடலாமா?

எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அன்று ராத்திரியே பையைக் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து ஈரக் காலுறையும் மிச்சமிருந்த கடலை மிட்டாயும் எறும்புமாக அதைத் திறக்க நேர்ந்தால் லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். பையை உள்பக்கம் வெளியே தெரியும்படி கொடியில் போடுங்கள். தீர்ந்துபோன ஓஆர்எஸ், பிளாஸ்திரி, சில்லறையை நோட்டில் எழுதி வைத்து, அந்த வாரமே வாங்கி உள்ளே போட்டுவிடுங்கள். நோட்டில் புதிதாக எழுதிய பெயர்களுக்கு எதிரே எந்தப் படம் என்று எண்ணைக் குறித்து, பிரதி போடக் கொடுத்துவிடுங்கள். துண்டைத் தனியாகத் துவைக்க வேண்டும். முதல் இரண்டு துவைப்புக்குச் சாயம் போகும்.